பிரேக் பிடிக்காத வேனும் பிடிவாத நிர்வாகமும்



பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் எழுந்ததும் முதலில் எதைத் தொடுகிறார்? கத்தியை. கல்லில் நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரல் நகத்தில் முனை பார்த்து, அதன் பிறகுதான் வாளியையும் தலைவிளக்கையும் எடுக்கிறார். மொட்டைக் கத்தியோடு மரத்தடிக்குப் போனால் என்ன ஆகும்? பட்டை கிழியும், கத்தி கட்டையில் இறங்கும், மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே கத்தி ஒழுங்காக ஓடாது. மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார். கணக்கில் எழுதுவார். வெட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

மரத்தில் விழும் அரை அங்குலக் காயத்துக்குக் கணக்கு வைக்கிறது நிர்வாகம். சரி. இருபது உயிரை ஏற்றிக்கொண்டு செம்மண் சடக்கில் இறங்குகிறதே ஒரு வேன், அதன் காயத்துக்குக் கணக்கு வைப்பவர் யார்? அந்தக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது? நாம் கேட்கிறோம்.

மலாக்காவுக்கு ரப்பர் புதிதல்ல. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட நாள்தொட்டு இந்த மண்ணில் பால் வடிகிறது. அந்தக் காலத்தில் லயமும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு நடந்தே நிரைக்குப் போனார்கள் நம் பாட்டன் பாட்டிமார். இன்று அப்படியா? ரப்பர் நின்ற மேடுகளில் செம்பனை நிற்கிறது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று பட்டணத்து ஓரத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. மிச்சமிருக்கும் ரப்பர்க் காட்டுக்கு ஆள் போவது வேனில். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போவதும் வேனில். ஆக, கத்தியும் வாளியும் எப்படி நம் தொழிற்கருவியோ அப்படியே வேனும் நம் தொழிற்கருவி. கத்தி கெட்டால் மரம் சாகும். வேன் கெட்டால் மனிதன் சாவான்.

நாம் எழுதிய பொய்

நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் வாதம் பெயரோடு நின்றுவிடும். அங்கே நாம் கிராணி வேலை பார்த்தோம். டிரைவர் ஐம்பதைக் கடந்தவர். அந்தச் சடக்கின் ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவர். ஒரு நாள் ஆபீஸ் சன்னலருகே வந்தார்.

“தம்பி, பிரேக்கை மிதிச்சா கால் மெல்ல மெல்லக் கீழே இறங்குது. ரெண்டு தரம் அடிச்சு மிதிச்சாத்தான் பிடிக்குது. துரைகிட்ட சொல்லுங்க” என்றார்.

சொன்னோம். “இந்த மாதம் செலவு ஏறிவிட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம். அதுவரை சமாளிக்கச் சொல்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே சன்னல் வழியாகக் கொடுத்தோம். “அண்ணே, அடுத்த மாசம் பார்க்கலாமாம். சமாளிச்சுக்குங்க.”

மூன்று வாரம் சமாளித்தார். நாலாம் வாரம், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பாலத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் மிதி தரையைத் தொட்டது. பாலத்துக்குப் போனால் ஆறு, பக்கத்தில் மண்மேடு. வேனை மேட்டில் மோதி நிறுத்தினார் அந்த மனிதர். உயிர் போகவில்லை. பால் வெட்டும் ஒரு அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. பால் வெட்டுகிறவருக்கு மணிக்கட்டு என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

விபத்து அறிக்கையைத் தட்டெழுதியது யார்? நாம்தான். ‘விபத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினோம். மூன்று வாரத்துக்கு முன் சன்னலில் கேட்ட சொல்லை எழுத அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. டிரைவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. இருபது பேரைக் காப்பாற்றியவர் குற்றவாளி ஆனார். ‘சமாளி’ என்று சொன்னவர் சாட்சி ஆனார். அந்தச் சொல்லைச் சுமந்து போன நாம் வெறும் தபால்காரர் ஆனோம்.

அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

மிதி ஏன் இறங்குகிறது?

பிரேக் மிதி இறங்குவது விதியல்ல. அதற்குக் காரணம் உண்டு. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய்தான் குழாய் வழியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது. வளையம் தேய்ந்தால் எண்ணெய் பின்னால் நழுவும்; மிதி மெல்ல இறங்கும். குழாயில் காற்றுப் புகுந்தால் மிதி பஞ்சு போல் அமுங்கும். எங்கேனும் ஒழுகினால் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் குறையும்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 3 என்று எழுதியிருக்கும் புது எண்ணெய் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெய்க்குக் கேட்கப்படும் எல்லை 140 பாகைதான். நீண்ட சரிவில் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சக்கரம் சூடேறும்; பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கும், ஆனால் பிடிக்காது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்று என்கிறார்கள். அதனால்தான் சரிவில் இறங்குமுன் கியரைக் குறை என்கிறார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் இதைத் தள்ளிப் போடுவது தற்கொலைக்குத் தேதி குறிப்பது போலாகும்.

இதற்கு ஆகும் செலவு என்ன? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஒரு குப்பி பிரேக் எண்ணெய் அதைவிட மலிவு. ஒரு ஆளின் ஒரு நாள் கூலிக்கும் குறைந்த பொருளுக்காக இருபது பேரைப் பணயம் வைப்பதுதான் சிக்கனமா?

விடியுமுன் பத்து நிமிடம்

‘வண்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று நம்மைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்துகொள்வோம்! இது மந்திரமல்ல. கத்தி தீட்டத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும்.

எஞ்சின் சூடேறுமுன், சமதரையில் நிறுத்தி, ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். தோட்டங்களில் ஓடும் பல வேன்களில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கையைத் தூக்க வேண்டுமே என்ற சோம்பலில் வாரக்கணக்கில் பார்க்காமல் விடுகிறோம். ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் நிற்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். வண்டி நகரக் கூடாது.

ரேடியேட்டர்த் தண்ணீரை ஆறிய எஞ்சினில்தான் பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தவர் முகம் வெந்துபோகும். ஓடும்போது சூட்டு முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முழுதும் ஆறும்வரை காத்திருங்கள். ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி உள்ளே துருப்பிடிக்க வைப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். அதற்குரிய குளிர்நீர் மருந்தைக் கலந்தே ஊற்ற வேண்டும்.

டயரைச் சுற்றி வந்து பாருங்கள். வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அந்த டயர் ஓடக் கூடாது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரம் கோணியிருக்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. வரி ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். இதைப் படிக்கத் தெரிந்த பிறகு ‘புது டயர் போட்டாச்சு’ என்று நம்மை யாரும் ஏய்க்க முடியாது.

பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கம்பியைக் கழற்றி, வெந்நீரில் கழுவித் துடைத்து இறுக்குங்கள். சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

டீசல் வேனில் எண்ணெய் வடிகட்டிக்கு அடியில் தண்ணீர் தங்கும். அதற்கான விளக்கு எரிந்தால் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். காற்று வடிகட்டியைப் புத்தகத்தில் போட்ட கணக்குக்கு முன்னாலேயே தட்டிச் சுத்தம் செய்யுங்கள்; புத்தகம் எழுதியவர் நம் செம்மண் புழுதியைப் பார்த்தவரல்லர்.

கடைசியாக, இருந்த இடத்தில் பிரேக்கை அழுத்தி முப்பது எண்ணுங்கள். மிதி நின்றால் புறப்படலாம். இறங்கினால் அன்று அந்த வேன் புறப்படக் கூடாது. இதில் சமரசம் இல்லை.

வண்டியும் முறையிடுகிறது

தொழிலாளி வாய் திறந்து முறையிட்டால் ‘தலைவலி’ என்கிறார்கள். வண்டியும் முறையிடத்தான் செய்கிறது. கறுப்புப் புகை விட்டால் காற்றுப் போதவில்லை, அல்லது எண்ணெய் மிஞ்சுகிறது. நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை அடங்காமல், ரேடியேட்டர்த் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுகிறது. பிரேக் கீச்சிட்டால் பேட் தேய்ந்துவிட்டது. கரகரத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை. ஸ்டீயரிங் ஆடினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஆயில் பார்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் பாட்டரி துடைப்பதும் நாம் செய்யக் கூடியவை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பட்டறைக்குரியவை. கம்பியால் கட்டி, துணியால் சுற்றி ஓட்டுகிற டிரைவரைக் ‘கெட்டிக்காரர்’ என்று முதுகில் தட்டுகிறது நிர்வாகம். தோழர்களே, அந்தத் தட்டுக்கு மயங்காதீர்கள்! கம்பி அறும் நாளில் அதே கை எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்.

ஆறு மாதச் சோதனை போதுமா?

‘வாணிப வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை இருக்கிறதே, 1994-இல் புஸ்பாகோம் வந்தது இதற்குத்தானே’ என்று பதில் சொல்வார்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் சோதனை. முன்னூறு காலை ஓட்டம். சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டி, திரும்பியதும் பழையதை மாட்டும் வித்தை இல்லாத ஊர் உண்டா? சோதனைச் சீட்டு அன்றைய வண்டிக்குச் சாட்சி. இன்றைய மிதிக்குச் சாட்சியல்ல.

2025 மே 13-ஆம் நாள் பேராக்கில் தெலுக் இந்தானில் நடந்ததை நாடே பார்த்தது. கல் ஏற்றிய லோரி மோதி, போலீஸ் லோரியில் வந்த கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் மாண்டனர். அரசு அமைத்த பணிக்குழு என்ன சொன்னது? லோரியின் ஸ்டீயரிங் கோளாற்றையும் மிதமிஞ்சிய பாரத்தையும் சுட்டிக்காட்டியது. அதாவது, கேள்வி டிரைவரோடு நிற்கவில்லை. வண்டியின் சொந்தக்காரர் வரை போயிற்று. பெரிய சாலையில் கேட்கப்பட்ட கேள்வி தோட்டத்துச் சடக்கில் மட்டும் கேட்கப்படக் கூடாதா?

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். சரக்கு வேனாகப் பதிவான வண்டியின் கதவில் மலாயில் இரண்டு எடை எழுதியிருக்கும்: பாரமில்லாத எடை, பாரத்தோடு எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்த வண்டி சுமக்கக் கூடியது தெரிந்துவிடும். இருபது பேர், ஆளுக்கு 60 கிலோ என்றாலே 1,200 கிலோ. அதற்கு மேல் வாளி, டப்பா, ஒட்டுப்பால் மூட்டை. கழித்துப் பாருங்கள். கிராணிகளே, கழித்தல் கணக்கு நமக்குத் தெரியாததா?

சட்டம் நம் பக்கம்

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கருவிகளைப் பாதுகாப்பாகப் பராமரிப்பதை முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், இந்தக் கடமையை மீறினால் விதிக்கக் கூடிய அபராதத்தின் எல்லையை 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு உயர்த்தியது. அதே திருத்தம் 26ஏ என்ற புதுப் பிரிவைக் கொண்டு வந்தது: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்புகிற தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் ‘சொன்னேன்’ என்பதற்கு அத்தாட்சி எங்கே? சன்னலில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. ஏட்டில் எழுதிய சொல் நீதிமன்றம் வரை வரும்.

நம் குற்றமும் உண்டு

மறைக்காமல் பேசுவோம். டிரைவர் தயங்கும்போது பின்னாலிருந்து, “போகலாம் அண்ணே, நேரமாச்சு” என்று அவசரப்படுத்துவது யார்? நாம். ஏன்? வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். தாமதித்தால் அன்றைய வரும்படி போகும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு அதே வேனில் ஏறுகிற தோழருக்கும் இதே கவலைதான். வயிற்றைக் காட்டி உயிரைப் பறிக்கிற இந்தப் பொறியை உடைக்காமல் எத்தனை ஏடு வைத்தாலும் பயனில்லை. ஆகவே வேன் நிற்கிற நாளில் கூலி நிற்கக் கூடாது. இதுதான் நம் கோரிக்கையின் உயிர்நாடி.

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். பேனா நம் கையில் இருக்கிறது. பார்க்காத வண்டிக்குப் ‘பார்த்தாயிற்று’ என்று குறி போடும் பேனா, மொட்டைக் கத்தியைவிடக் கொடியது.

நாம் கேட்பது

ஒன்று: ஒவ்வொரு வேனுக்கும் நகல் எடுக்கும் ஏடு வேண்டும். காலையில் கண்ட குறையை டிரைவர் எழுதுவார். ஒரு தாள் ஆபீசுக்கு, ஒரு தாள் அவர் கையில். நிர்வாகி அன்றே பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு: பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகிய மூன்றில் டிரைவர் ‘ஓடாது’ என்றால் பட்டறைக்காரர் ‘ஓடும்’ என்று எழுதித் தரும் வரை ஓடக் கூடாது.

மூன்று: அப்படி நின்ற நாளுக்கு முழுக் கூலி வேண்டும்.

நான்கு: இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. ஆளும் சரக்கும் ஒரே வேனில் போகக் கூடாது.

ஐந்து: பாதுகாப்புக் குழு மாதம் ஒரு முறை ஏட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தொழிலாளர் எந்த மொழி பேசுகிறாரோ அந்த மொழியில் இந்த விதிகளை வேனுக்குள் ஒட்ட வேண்டும்.

இது மாளிகை கேட்பதல்ல; ஒரு ஏடு, ஒரு பேனா, பத்து நிமிடம், ஒரு குப்பி எண்ணெய். இவற்றைத் தர மறுக்கும் நிர்வாகம் மரத்துக் காயத்தை எண்ணும் தகுதியை இழந்துவிட்டது.

கிளைத் தலைவர்களே! அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக இதை வையுங்கள். நிர்வாகம் ஏடு தரும்வரை காத்திராதீர்கள். ஐந்து வெள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி நாளைக் காலையே எழுதத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்கள், மிதி நின்றதா, இறங்கியதா என்று எழுதுங்கள், கையெழுத்திடுங்கள்.

‘சமாளி’ என்ற சொல்லுக்கு இனி நம் அகராதியில் இடமில்லை.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!